ஜும்மா முடியும்வரை காத்திருந்த அம்மன்

போன மாதம் எங்கள் தெருக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. காஞ்சிபுரத்துக் கோயில் என்றதும் உங்களுக்கு நினைவு வருகிற எதுவும் எங்களுடையது இல்லை. வெளியூர்க்காரர்கள் பெரிய கோபுரங்களைப் பார்ப்பார்கள், பட்டுப்புடவை வாங்குவார்கள், இட்லி தின்பார்கள், பேருந்து ஏறிவிடுவார்கள். எங்கள் முளையடியம்மன் கோயில் வாசலில் ஒரு வெளியூர்க்காரர் நின்றால் அவர் வழி தவறி வந்திருக்கிறார் என்று அர்த்தம். நாங்களும் மரியாதையாகப் பேருந்து நிலையத்துக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவோம்.

இந்த முறை தல வரலாற்றைக் கருங்கல்லில் வெட்டி வைப்பது என்று முடிவானது. எழுதியதை என்னிடம் பார்க்கக் கொடுத்தார்கள். கல்யாண வரவேற்புகளில் மைக் பிடித்து நாலு பேரைச் சிரிக்கவைக்கிறவன் நான். அதனால் தமிழும் தெரிந்திருக்கும் என்று நம்பிவிட்டார்கள். 'வழிப்போக்கர் ஒருவர் முளை அடித்தபோது அம்மன் வெளிப்பட்டாள்' என்று இருந்தது. இரண்டு இடத்தில் விட்டுப்போன ஒற்றைச் சேர்த்துக் கொடுத்தேன். வழிப்போக்கரைத் தொடவில்லை. அவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் வழிப்போக்கராகிப் போனதில் என் கைவரிசையும் உண்டு என்பதும் தெரியும்.

எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட கதை வேறு. ஆற்காட்டு நவாபின் குதிரைப்படை இந்தப் பக்கம் வந்து தங்கியபோது, படைக் குதிரைகளுக்குப் புல் அறுத்துப் போடுகிற ஒரு பாய் எங்கள் தெருவில் குதிரை கட்ட முளை அடித்தார். நெசவுக்காரர்கள் விடியற்காலையில் தறிக்கான பாவு நூலை நீட்டுகிற தெரு அது. முளை பாதி இறங்கியதும் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. சுற்றித் தோண்டிப் பார்த்தால் அம்மன். இடது தோளில் முளை. ஊரே சேர்ந்து தூக்கியும் அம்மன் அசையவில்லை. கடைசியில் அந்தப் பாய் அழுதுகொண்டே தோளிலிருந்து முளையைப் பிடுங்கி, தன் தலைப்பாகையை அவிழ்த்துக் காயத்தில் கட்டினார். அதன் பிறகு அம்மன் பஞ்சு மாதிரி எழுந்துவிட்டாளாம்.

அன்றிலிருந்து ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அந்தப் பாயின் குடும்பத்தில் ஒருவர் தலைப்பாகையோடு வந்து, அதை அவிழ்த்து அம்மன் தோளில் கட்டினால்தான் பல்லக்கைத் தூக்குவார்கள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை ஆயிற்றே, அவர் மசூதிக்குப் போய்த் தொழுதுவிட்டுத்தானே வரமுடியும்? அதனால் எங்கள் அம்மன் ஜும்மா முடியும்வரை பல்லக்கில் உட்கார்ந்து காத்திருப்பாள். இதில் யாருக்கும் எந்த ஆச்சரியமும் இருந்ததில்லை. மதியம் இரண்டு மணி வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறதே என்பது ஒன்றுதான் குறை.

அந்தத் தலைப்பாகைத் துணியை நெய்து கொடுப்பது எங்கள் வீட்டு முறை. ஆடி பிறந்ததும் அப்பா அதற்கென்று ஒரு சின்னப் பாவு போடுவார். ஆறு முழம், சரிகை இல்லாத வெள்ளைப் பட்டு. வெள்ளிக்கிழமை காலையில் பத்து வயதுக்குட்பட்ட எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று அதைத் தட்டில் வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு வைத்து எடுத்துப் போய்ப் பாய் வீட்டில் கொடுக்க வேண்டும். அதுதான் அழைப்பு. வேறு வாய்வார்த்தை கிடையாது. எனக்கு அப்போது ஒன்பது வயது. மூன்று வருடமாக நான்தான் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் காலத்துப் பாய் ஜட்கா வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வீடு இரண்டு தெரு தள்ளி, செவிலிமேடு போகிற வழியில். அப்பாவைவிட நாலைந்து வயது மூத்தவர். லேசாக ஒரு காலைச் சாய்த்து நடப்பார். அப்பா நெய்த புடவைகளை முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோவது அவர் வண்டியில்தான். இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே போவார்கள். நான் பின்னால் புடவை மூட்டையோடு மூட்டையாகக் கிடப்பேன். அப்பா வீட்டில் பேசுகிற மனிதர் இல்லை. தறியில் உட்கார்ந்தால் தறிதான் பேசும். அவர் சிரிப்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நான் அந்த வண்டியில் ஏற வேண்டியிருந்தது.

அந்த வருடம் ஆடிக்கு முன்னால் கோயிலில் ஒரு கூட்டம் நடந்தது. சித்தப்பாதான் கோயில் காரியங்களைப் பார்க்கிறவர். அவரோடு இன்னும் சிலர். ஒருவர் தலையில் கட்டிய துணியை அவிழ்த்து அம்மனுக்குச் சுற்றுவது என்ன வழக்கம், வேறு எந்த ஊரிலாவது உண்டா என்று பேச்சு கிளம்பியது. காலம் கெட்டுக் கிடக்கிறது, அவர்களே வருவதற்குத் தயங்குகிறார்கள், நாம் ஏன் கட்டி இழுக்க வேண்டும் என்றார் ஒருவர். அப்பா எழுந்து நின்று, எனக்குத் தெரிந்து முதல் முறையாக, கூட்டத்தில் பேசினார். அந்த மனுஷன் வராமல் இருக்கமாட்டான், அதற்கு நான் பொறுப்பு, வராவிட்டால் நீங்கள் சொல்கிறபடி செய்துகொள்ளுங்கள் என்றார். சித்தப்பா சரி என்று சொல்லிவிட்டார்.

அடுத்த முறை வண்டியில் போகும்போது அப்பா இதைப் பாயிடம் சொன்னார். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து நான் கேட்டேன். பாய் குதிரையின் காதுகளைப் பார்த்தபடியே, தன் பக்கத்திலும் நாலு பேர் ஏன் போகிறாய் என்று கேட்கிறார்கள் என்றார். பிறகு சொன்னார்:

"எங்க பாட்டன் குத்துன காயம். கட்டறதுக்கு நான்தான வரணும்? துணி வர்ற வரைக்கும் வருவேன் மொதலியாரே. துணி வரலன்னா, இன்னா ஏதுன்னு வந்து கேட்டுக்கினு நிக்க மாட்டேன்."

"அது வராம எங்க பூடும்?" என்று அப்பா சிரித்தார்.

எங்கே போகும் என்பதைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா எனக்குத் தலைவாரி, விபூதி பூசி, தட்டைக் கையில் கொடுத்து, வழியில் எங்கேயும் நிற்காதே என்று சொல்லி அனுப்பினாள். நான் சாயப்பட்டறை வரைக்கும் எங்கேயும் நிற்கவில்லை. சாயப்பட்டறை எங்கள் தெருமுனையில்தான் இருந்தது.

பட்டறைக் கால்வாய்ச் சுவரில் என் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கால்வாயில் அன்றைக்கு அரக்கு நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தட்டைப் பார்த்ததும் ஒருவன், பாய் எப்படிடா நடப்பாரு, ஒரு தடவை நடந்து காட்டேன் என்றான். இன்றுவரைக்கும் என்னிடம் யாராவது 'ஒண்ணு செஞ்சு காட்டேன்' என்றால் எனக்கு மறுக்கத் தெரியாது. தட்டைச் சுவரில் வைத்துவிட்டு, ஒரு காலைச் சாய்த்து நடந்தேன். சிரித்தார்கள். குதிரையை அதட்டினேன். இன்னும் சிரித்தார்கள். தலைப்பாகை இல்லாமல் ஒரு குறை தெரிந்தது. தட்டிலிருந்த பட்டுத் துணியை எடுத்துத் தலையில் சுற்றிக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாய் மட்டும் போதாதென்று குதிரையாகவும் நடிக்கத் துணிந்தேன். கனைத்தேன். பின்னங்காலால் உதைத்தேன். குதிரைக்கு நாலு கால், எனக்கு இரண்டு என்கிற கணக்கு அந்த நேரத்தில் மறந்துவிட்டது. தலைப்பாகையோடு கால்வாயில் விழுந்தேன்.

அன்று அந்த மூன்று பேர் சிரித்த மாதிரி ஒரு சிரிப்பை இந்த முப்பது நாற்பது வருட மைக் வாழ்க்கையில் நான் பார்க்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டேதான் எழுந்தேன். பிறகு அவர்கள் முகம் மாறியதைப் பார்த்துத் தலைக்குக் கையைக் கொண்டுபோனேன். வெள்ளைப் பட்டு பாதிக்கு மேல் அரக்காகியிருந்தது. சாமி துணிடா என்று ஒருவன் மெல்லச் சொன்னான். மூன்று பேரும் ஓடிவிட்டார்கள்.

பட்டறைக்காரர் கழுவிவிட்ட தண்ணீரில் அதை நானும் கழுவிப் பார்த்தேன். இன்னும் பரவியது. கையில் பிடித்தால் காயம்பட்ட ஒன்றைப் பிடித்திருப்பது போலவே இருந்தது. பாய் தலையில் ஏறிய பிறகு அம்மனுக்குப் போக வேண்டிய துணியை என் தலையில் கட்டிவிட்டேன். அதுவே போதும் அம்மன் என் கண்ணைப் பிடுங்க என்று தோன்றியது. துணியைச் சுருட்டிப் பட்டறைக்குப் பின்னால் இருந்த அடுப்புச் சாம்பல் மேட்டில் புதைத்தேன். வெற்றிலை பாக்கை அதன் மேலேயே போட்டேன். வாழைப்பழம் இரண்டையும் தின்றேன். எனக்குப் பயம் வந்தால் பசிக்கும்.

சட்டையைக் குழாயடியில் நனைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அம்மா ஈரத்தைக் கேட்கவில்லை. குடுத்தியா, இன்னா சொன்னாரு என்று கேட்டாள்.

"குடுத்துட்டேன்மா. ஜும்மா முடிச்சிக்கினு வர்றேன்னாரு."

கொடுத்தேன் என்பதோடு விட்டிருக்கலாம். அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. பொய்யை நன்றாகச் சொல்ல வேண்டும் என்கிற ஆசை.

மதியம் கோயில் வாசலில் தெருவே நின்றது. அம்மன் அலங்காரத்தோடு பல்லக்கில் இருந்தாள், இடது தோள் மட்டும் வெறுமையாக. மசூதிப் பக்கமிருந்து ஆட்கள் திரும்பிப் போவது தெரிந்தது. ஒரு ஜட்கா மணிச் சத்தம் கேட்டு எல்லோரும் திரும்பினார்கள். யாரோ ஒரு குடும்பம் பேருந்து நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்பா தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்தார். மேளக்காரர்கள் இரண்டு தடவை வாசித்து ஓய்ந்தார்கள். மூன்று மணி ஆனது. வயதான ஒருவர், உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னவோ, ஒரு ஆளை அனுப்பிப் பார்க்கலாமே என்றார்.

"வர்றேன்னு வாயால சொன்னவன், வரல. இன்னும் போய்க் கையப் புடிச்சி இட்டுக்கினு வரணுமா?" என்றார் சித்தப்பா. குரலை உயர்த்தவே இல்லை.

அப்பா என்னைத் தேடி வந்தார். கூட்டத்துக்கு நடுவில் குனிந்து, என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக் கேட்டார்.

"அவர் கையிலயே குடுத்தியாப்பா?"

"கையிலதான்பா."

அப்பாவின் கண் என் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. நான் அசையவில்லை. நடிப்பு காலையிலிருந்தே கைவந்திருந்தது. அவர் நிமிர்ந்து, சித்தப்பாவைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

நான் பயப்படவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு நிச்சயம் இருந்தது. பாய் வீட்டுக் கட்டு இல்லாமல் அம்மன் எழுந்திருக்கவே மாட்டாள். கதை அப்படித்தான். எட்டு பேர் தூக்குவார்கள், பல்லக்கு அசையாது, பதினாறு பேர் தூக்குவார்கள், அப்போதும் அசையாது. யாருக்காவது அருள் வந்து என்னைக் கைகாட்டும். அடி வாங்குவேன். ஒருவர் ஓடிப்போய்ப் பாயைக் கூட்டிக்கொண்டு வருவார். எல்லாம் சரியாகிவிடும். என் பொய்யை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று நான் முழுப் பொறுப்பையும் அவளிடம் விட்டிருந்தேன்.

சித்தப்பா ஒரு புது மஞ்சள் துண்டை எடுத்துக் கொடுத்தார். பூசாரி அதை அம்மன் தோளில் கட்டினார். எட்டு பேர் தண்டுக்குத் தோள் கொடுத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, எழுந்திருக்காதே எழுந்திருக்காதே என்று வேண்டினேன்.

எழுந்துவிட்டாள். ஒரு முனகல்கூட இல்லாமல், எப்போதும்போல. மேளம் கிளம்பியது. தெருவே கைதட்டியது. அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

நான் பல்லக்கோடு போனேன். எப்போதும் போகிற வழிதான். பாய் வீட்டு வாசலில் பல்லக்கு நிற்கும், குதிரைக்கு வெல்லம் கொடுப்பார்கள், அப்புறம் நகரும். அன்றைக்குப் பாய் வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை லுங்கி. சட்டையில் மடிப்பு கலையவில்லை. குதிரையைக் குளிப்பாட்டி, கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார். தலை மட்டும் வெறுந்தலை. துணி வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

பாத்தியா, ஊட்லயேதான் நிக்கிறான் என்று சித்தப்பா பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பல்லக்கு நிற்கவில்லை. பாய் அம்மன் தோளில் இருந்த மஞ்சள் துண்டைப் பார்த்தார். பிறகு கூட்டத்தில் யாரையோ தேடினார். அப்பாவைத்தான் இருக்க வேண்டும். அப்பா இல்லை. நான் இருந்தேன். என்னைப் பார்த்து, தினமும் பார்க்கிற மாதிரியே தலையை ஆட்டினார். நான் எதிர்வீட்டுத் திண்ணைத் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது குதிரை மட்டும் நின்றிருந்தது. கதவு சாத்தியிருந்தது.

அதற்குப் பிறகு பாயின் வண்டி எங்கள் தெரு வழியாக வரவில்லை. அப்பா புடவைகளை சைக்கிளில் கட்டி எடுத்துப் போனார். ஒரு முறை கடைத்தெருவில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தார்கள். நான் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா நிறுத்துவார் என்று நினைத்தேன். பாயும் கடிவாளத்தை லேசாக இழுத்த மாதிரிதான் இருந்தது. ஒருவர் முதலில் வாயைத் திறந்தால் போதும். அப்பா மணியடித்துவிட்டு ஓரமாக மிதித்தார். வராதவர் முதலில் சொல்லட்டும் என்று இவரும், கூப்பிடாதவர் முதலில் சொல்லட்டும் என்று அவரும் விலகிப் போனதை, நடுவில் கம்பியில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மை தெரிந்த ஒரே ஆள். எனக்கு அன்று பள்ளிக்கூடப் பை கனமாக இருந்தது ஞாபகம் இருக்கிறது.

புரட்டாசியில் ஒரு காலை மழை பெய்துகொண்டிருந்தது. ஈரத்தில் பாவு இறுகாமல் அப்பா மெதுவாக நெய்துகொண்டிருந்தார். அவர் கால்கள் தறிக்குழிக்குள் இருந்தன, அதனால் அவர் உட்கார்ந்திருந்தும் நான் நின்றும், முகம் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருந்தது. நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சாயப்பட்டறை, குதிரை, கால்வாய், சாம்பல் மேடு, வாழைப்பழம் உட்பட.

தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடா அவர் கையிலேயே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை.

"வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லப்பா."

ஓடிப்போய்ப் பாய் மாமாவிடம் சொல்லிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். அவர் திட்டினாலும் பரவாயில்லை என்றேன். குதிரையைப் பார்த்தும் ரொம்ப நாள் ஆகியிருந்தது.

வெளியே மழைத் தண்ணீர் கூரையிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா வீட்டிலிருந்து ரேடியோ கேட்டது.

"வேணாம்பா," என்றார். "இப்ப தெரு அமைதியா இருக்குது. அப்டியே வுட்று."

பாய் அடுத்த வருடமே குதிரையை விற்றுவிட்டு, மகள் வீட்டோடு ஐயம்பேட்டைக்குப் போனார். எங்கள் வீட்டில் அந்தச் சின்னப் பாவு பிறகு போடப்படவில்லை. அம்மன் இப்போது காலை ஒன்பது மணிக்கே, வெயிலுக்கு முன்னால், மஞ்சள் துண்டோடு கிளம்பிவிடுகிறாள். அப்பா கடைசிக் காலத்தில் ஆறு மாதம் படுக்கையில் இருந்தார். யார் யாரோ வந்து பார்த்தார்கள். ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடம். நான் அப்போது முப்பது வயதுக்காரன். போய்ச் சொல்லியிருக்கலாம். அப்பா என்னிடம் சொல்லாதே என்று சொன்னதை, சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளையாக, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் காப்பாற்றினேன்.

ஆனால் அந்தப் புரட்டாசிக் காலையில் எனக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அப்பா குழியிலிருந்தபடியே கையை நீட்டி என் தலையைத் தடவினார். அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை. அம்மனும் கண்ணைப் பிடுங்கவில்லை, அப்பாவும் அடிக்கவில்லை, இரண்டு மாதப் பாரம் இப்படி ஒரு தடவலில் போய்விட்டதே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மழையைப் பார்க்காமல் வெளியே ஓடினேன். தெருவில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்த பையன்களோடு சேர்ந்துகொண்டேன். என் கப்பல் இரண்டு வீடு தாண்டிப் போனது. மூன்று வீடு தாண்டியது. வீட்டுக்குள்ளிருந்து தறிச் சத்தம் இன்னும் வரவில்லை. ஏதோ இழை அறுந்திருக்கும், முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கப்பலை மடித்தேன்.